கரியும் ஈயமும் ஒரே தொகுதியில் எப்படி?

கேள்வி இதுதான்: தனிம வரிசை அட்டவணையில் எதை வைத்துத் தொகுதி பிரித்தார்கள்? ஒரே தொகுதியில் இருப்பவை ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அப்படியானால் அடுப்புக்கரியில் இருக்கும் கார்பனும் மீன்வலையில் கோக்கிற ஈயமும் எப்படி ஒரே 14-ஆம் தொகுதியில் இருக்கின்றன, ஒன்று உலோகமே இல்லையே என்று பத்தாம் வகுப்புப் பையன் கேட்கிறான், என்ன பதில் சொல்வது?

பையன் கேட்டதில் தப்பே இல்லை. புத்தகம் சொல்வதுதான் பாதி உண்மை. தொகுதி என்பது அணுவின் வெளிக்கூட்டில், அதாவது எலக்ட்ரான் அடுக்குகளில் கடைசியானதில், எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அந்த எலக்ட்ரான்களை அணு எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அது மேலிருந்து கீழே வர வர மாறிக்கொண்டே போகும். அட்டவணையின் இரண்டு ஓரங்களில், அதாவது 1, 2, 17, 18 தொகுதிகளில், அந்த மாற்றம் குடும்ப ஜாடையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. 14, 15 பக்கம் வந்தால் நன்றாகவே கெடுத்துவிடும். கார்பன், ஈயம் சமாச்சாரம் அவ்வளவுதான், ஆனால் இதை இப்படி ஒரு வரியில் சொன்னால் எந்தப் பையனும் நம்பமாட்டான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அட்டவணையின் அமைப்பு. சுவரில் தொங்கும் மாதக் காலண்டரைப் பாருங்கள். தேதி 1, 2, 3 என்று வரிசையாகத்தான் போகிறது, ஆனால் ஏழுக்கு ஒருமுறை மடித்து அடுத்த வரியில் எழுதுவதால் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் தானாக ஒன்றின் கீழ் ஒன்றாக வந்து நிற்கின்றன. தனிமங்களையும் அணு எண் (அணுவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை) வரிசையில் எழுதி இப்படித்தான் மடித்திருக்கிறார்கள். கிடைமட்ட வரி தொடர், செங்குத்துப் பத்தி தொகுதி. ஒரே வித்தியாசம், இங்கே மடிக்கிற இடம் ஏழு ஏழாக வராது. 2, 8, 8, 18, 18, 32, 32 என்று போகும். கூட்டிப் பார்த்தால் 118, இன்றுவரை பெயர் வைத்திருக்கும் தனிமங்கள் மொத்தமும் அதில் அடங்கிவிடும். ஏன் இந்த விசித்திரமான எண்கள் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தொகுதி பிரித்தவர்களுக்கு எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தது 1897-ல், ரஷ்ய வேதியியலாளர் மெண்டெலீவின் அட்டவணை வெளிவந்தது 1869-ல். அதாவது தனிமங்களின் நடத்தையைப் பார்த்து முதலில் குடும்பம் பிரித்துவிட்டார்கள், காரணம் முப்பது நாற்பது வருடம் கழித்துத்தான் கிடைத்தது. பாடப்புத்தகம் இதைத் தலைகீழாக, எலக்ட்ரானில் ஆரம்பித்துச் சொல்லித்தருவதால்தான் இது ஏதோ மேலேயிருந்து வந்த சட்டம் போலத் தெரிகிறது.

1829-லேயே ஜெர்மனியில் டோபரைனர் என்பவர் மும்மூன்றாகச் சில தனிமங்களைச் சேர்த்து வைத்தார். லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றும் ஒரே குணம். இன்றைய கணக்கில் அணு எடை 7, 23, 39. முதலும் கடைசியும் கூட்டி இரண்டால் வகுத்தால் சரியாக நடுவில் இருப்பது. கால்சியம் 40, பேரியம் 137, சராசரி 88.5. நடுவில் இருக்கும் ஸ்ட்ரான்சியம் 87.6. எண்ணுக்கும் குணத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று காட்டிய முதல் ஆள் அவர்தான். 1865 வாக்கில் லண்டனில் நியூலாண்ட்ஸ், எடை வரிசையில் எட்டாவதாக வருவது முதலாவதைப் போல இருக்கிறது என்றார். அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று சபையில் ஒருவர் நக்கலடித்தார். கால்சியம் வரை ஓரளவு பொருந்திய அந்தக் கணக்கு அதற்கு மேல் தடுமாறியதால் அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மெண்டெலீவ் கையில் 63 தனிமங்கள் இருந்தன. அவர் எடையை மட்டும் பார்க்கவில்லை, ஒவ்வொரு தனிமமும் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பிடிக்கும் என்று பார்த்தார். இது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. சோடியத்திலிருந்து ஆரம்பியுங்கள். சோடியம் ஆக்சைடில் இரண்டு சோடியத்துக்கு ஒரு ஆக்சிஜன், ஆகவே ஓர் அணுவுக்கு அரை. மெக்னீசியத்துக்கு ஒன்று. அலுமினியத்தில் இரண்டுக்கு மூன்று, அதாவது ஒன்றரை. சிலிக்கானுக்கு இரண்டு, பாஸ்பரஸுக்கு இரண்டரை, கந்தகத்துக்கு மூன்று, குளோரினுக்கு மூன்றரை. அரை அரையாகப் படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. அடுத்த வரியில் பொட்டாசியத்தில் மறுபடி அரைக்கு இறங்கி, கால்சியத்தில் ஒன்று என்று திரும்பவும் ஏற ஆரம்பிக்கிறது. 1871-ல் அவர் போட்ட ஒன்று முதல் எட்டு வரையிலான தொகுதிகள் இந்தப் படிக்கட்டின் படிகள்தான். யாராவது "தொகுதி எதை வைத்து?" என்று கேட்டால் எலக்ட்ரானுக்குப் போவதற்கு முன் நான் இதைத்தான் எழுதிக் காட்டுவேன்.

இதில் ஒரு பக்கவிளைவும் வந்தது. செம்பும் வெள்ளியும் சோடியத்தோடு சேர்ந்து முதல் தொகுதிக்குள் வந்துவிட்டன, அவற்றைத் தனியாகக் காட்ட ஏ, பி என்று உட்பிரிவு வைத்தார்கள், அமெரிக்கப் புத்தகத்தில் ஏ என்று இருப்பது ஐரோப்பியப் புத்தகத்தில் பி என்று இருந்து பல வருடம் குழப்பியது. 1980களின் கடைசியில்தான் ஐயுபிஏசி என்கிற சர்வதேச வேதியியல் அமைப்பு 1 முதல் 18 வரை நேராக எண் போடச் சொன்னது. வீட்டில் பழைய புத்தகம் இருந்து, அதில் கார்பன் நான்காம் தொகுதி என்று போட்டிருந்தால் பதற வேண்டாம், அதே தொகுதிதான்.

மெண்டெலீவுக்குக் குணம் முக்கியம், எடை அப்புறம்தான் என்பதற்கு டெல்லூரியம், அயோடின் ஜோடியே சாட்சி. டெல்லூரியத்தின் அணு எடை 127.6, அயோடினுடையது 126.9. எடைப்படி அயோடின்தான் முதலில் வர வேண்டும். ஆனால் அயோடின் அச்சு அசலாகக் குளோரின், புரோமின் வகை, டெல்லூரியம் கந்தகத்தின் வகை. எடை அளந்தவர்கள்தான் தப்பாக அளந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் இடம் மாற்றிப் போட்டார். இடம் மாற்றியது சரி, சொன்ன காரணம் தப்பு. இயற்கையில் கிடைக்கும் டெல்லூரியத்தில் கனமான ஐசோடோப்புகள், அதாவது அதே தனிமத்தின் எடை கூடிய அணுக்கள், நிறைய கலந்திருப்பதால் அதன் சராசரி எடை ஏறிவிடுகிறது, அளந்தவர்கள்மீது குற்றமில்லை.

அவர் காலி இடம் விட்டதும், அலுமினியத்துக்குக் கீழே ஒரு தனிமம் வரும் என்று சொன்னதும், 1875-ல் பிரான்ஸில் லெகாக் த புவாபோத்ரான் காலியத்தைக் கண்டுபிடித்ததும் எல்லோரும் படித்த கதை. அதில் சுவையான பகுதி அடர்த்தி. கண்டுபிடித்தவர் அளந்தது 4.7. அந்தத் தனிமத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மெண்டெலீவ், 5.9 பக்கம் இருக்க வேண்டும், சுத்தப்படுத்தி மறுபடி அளந்து பாருங்கள் என்று எழுதினார். அளந்தால் 5.9. (காலியம் 29.8 டிகிரியில் உருகும். சென்னையில் சித்திரை வெயிலில் அலமாரியில் வைத்தால் டப்பாவுக்குள் தண்ணீராகத்தான் கிடக்கும்.) 1879-ல் ஸ்காண்டியம், 1886-ல் ஜெர்மானியம் என்று அவர் சொன்ன இன்னும் இரண்டும் கிடைத்தன. அவர் சொன்னதெல்லாம் பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹைட்ரஜனைவிட லேசான தனிமங்கள் இருக்கும் என்றும் பிற்காலத்தில் எழுதினார், அப்படி எதுவும் இல்லை. ஆர்கான் கண்டுபிடிக்கப்பட்டபோது அது தனிமமே அல்ல, மூன்று நைட்ரஜன் சேர்ந்த மூலக்கூறாக இருக்கும் என்று கொஞ்ச காலம் மறுத்தார்.

ஆர்கானால் வந்தது பெரிய சிக்கல்தான். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், ரசாயனச் சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட ஏறத்தாழ அரை சதவீதம் கனமாக இருப்பதை ராலே பிரபு கவனித்தார். 1894-ல் அவரும் வேதியியலாளர் ராம்சேயும் சேர்ந்து அந்த அரை சதவீதத்துக்குள் ஒளிந்திருந்த ஆர்கானைப் பிடித்தார்கள். எதனோடும் சேராத ஒரு வாயுவுக்கு ஆக்சைடு படிக்கட்டில் எந்தப் படியும் கிடையாது. அடுத்த வருடமே ராம்சே யுரேனியத் தாது ஒன்றிலிருந்து ஹீலியத்தை எடுத்தார். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் அதன் மஞ்சள் கோடு சூரிய ஒளியில் 1868-லேயே தென்பட்டிருந்தது. அந்த வருடம் ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் வந்து முகாமிட்டது அப்போதைய சென்னை மாகாணத்துக் குண்டூரில். 1898-ல் நியான், கிரிப்டான், செனான் மூன்றும் கிடைத்தன. ஒரு தனிமத்துக்கு இடமில்லை என்றால் அட்டவணை தப்பு என்று சொல்லலாம், ஒரு குடும்பமே சேர்ந்து வந்து நின்றால் புதிதாக ஒரு பத்தி போட்டுவிடலாம். அப்படித்தான் 18-ஆம் தொகுதி வந்தது.

1913, 1914-ல் ஆங்கிலேயர் மோஸ்லி, ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணை அளந்து அதன் வர்க்கமூலம் ஒரு முழு எண்ணோடு நேர்கோட்டில் ஏறுவதைக் காட்டினார். அந்த முழு எண்தான் அணு எண். டெல்லூரியம் 52, அயோடின் 53. தகராறு தீர்ந்தது. 43, 61, 75 ஆகிய இடங்கள் காலி என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. 1915-ல், 27 வயதில், கலிப்போலி போர்க்களத்தில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

சரி, இனி எலக்ட்ரான். முதல் கூட்டில் 2 பேருக்குத்தான் இடம், அதனால் முதல் தொடரில் ஹைட்ரஜன், ஹீலியம் இரண்டே. அடுத்ததில் எட்டு. சோடியம் 2, 8, 1. பொட்டாசியம் 2, 8, 8, 1. இரண்டுக்கும் வெளியே ஒரே ஒரு எலக்ட்ரான், அதைக் கொடுத்துவிட்டால் உள்ளே நிறைந்த கூடு, அதனால்தான் இரண்டும் ஒரே மாதிரி தண்ணீரில் போட்டதும் பாய்கின்றன. மூன்றாம் கூட்டில் 18 பேருக்கு இடம் இருக்கிறதே, 8 நிறைந்ததும் ஏன் நான்காம் கூட்டுக்குத் தாவுகிறது என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். கூட்டுக்குள் எலக்ட்ரான்கள் தங்கும் உட்பிரிவுகளுக்கு ஆர்பிட்டால் என்று பெயர், எஸ், பி, டி, எஃப் என்று அவற்றில் வகைகள் உண்டு. பொட்டாசியம் அணுவில் நான்காம் கூட்டின் எஸ் ஆர்பிட்டால், மூன்றாம் கூட்டின் டி ஆர்பிட்டாலைவிடக் குறைந்த ஆற்றலில் இருக்கிறது, அதனால் அது முதலில் நிரம்பும். கால்சியம் தாண்டிய பிறகு பாக்கி வைத்த அந்த டி இடங்கள் பத்தும் ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை நிரம்புகின்றன. 8 என்பது 18 ஆனது இப்படித்தான். ஆறாம், ஏழாம் தொடர்களில் எஃப் ஆர்பிட்டாலின் 14 இடங்களும் சேர்ந்து 32 ஆகிறது.

தேர்வுக்குத் தேவைப்படுகிறவர்களுக்கு ஒரு வரி: கடைசியில் நிரம்புவது எஸ் என்றால் அதிலுள்ள எலக்ட்ரான் எண்ணிக்கையே தொகுதி எண், பி என்றால் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களோடு 10 கூட்டுங்கள், டி என்றால் வெளி எஸ் எலக்ட்ரானையும் உள் டி எலக்ட்ரானையும் கூட்டுங்கள். கார்பனுக்கு 4 கூட்டல் 10, ஆகவே 14. இரும்புக்கு 2 கூட்டல் 6, எட்டாம் தொகுதி. இந்தக் கணக்குக்கு அடங்காத முக்கியமான ஆள் ஹீலியம். தனிமப் பெயர்களைப் பாட்டாகக் கட்டி மனப்பாடம் செய்யும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை, மதிப்பெண் வரும், வேறெதுவும் வராது.

குடும்ப ஜாடை என்றால் என்ன, அது கீழே போகப் போக எப்படி மாறுகிறது என்று பார்க்க இரண்டாம் தொகுதி மாதிரி நல்ல இடம் கிடையாது. பெரிலியம், மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், ரேடியம். எல்லோருக்கும் வெளியே இரண்டு எலக்ட்ரான். சேர்மங்களில் எல்லோரும் அந்த இரண்டையும் விட்டுக்கொடுத்தே இருப்பார்கள், பெரிலியம் மட்டும் கொஞ்சம் அழுத்தக்காரர், அவர் குணம் பக்கத்துத் தொகுதி அலுமினியத்தோடு அதிகம் ஒத்துப்போகும். மற்றவர்களின் சல்பேட்டுகளைப் பாருங்கள். மெக்னீசியம் சல்பேட் என்பது பேதியுப்பு, தண்ணீரில் அள்ளிப் போட்டால் அப்படியே கரையும். கால்சியம் சல்பேட் என்பது நிலக்கடலைக்குப் போடுகிற ஜிப்சம், லிட்டருக்கு இரண்டு கிராம் பக்கம் கரையும், அதற்குமேல் அடம்பிடிக்கும். பேரியம் சல்பேட் லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம்தான். பேரியத்தின் கரையும் உப்புகள் விஷம், ஆனால் குடல் எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்னால் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒரு பானத்தைக் குடிக்கச் சொல்கிறார்களே, அது பேரியம் சல்பேட்தான். கரையாததால் உடம்பில் ஏறாமல் வந்த வழியே போய்விடுகிறது. ஹைட்ராக்சைடுகளை எடுத்தால் இதே வரிசை அப்படியே திரும்பிக்கொள்ளும்: மெக்னீசியம் ஹைட்ராக்சைடு கரையவே கரையாது, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற வெள்ளைத் திரவத்தில் அது தூளாகத்தான் மிதக்கிறது. கால்சியம் ஹைட்ராக்சைடு வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு, லிட்டருக்கு ஒன்றே முக்கால் கிராம் அளவு. பேரியத்தினுடையது லிட்டருக்கு 40 கிராம் பக்கம். ஒரே குடும்பம், ஒரே வாய்பாடு, ஆனால் எந்தத் திசையில் மாறும் என்பது சேர்மத்தைப் பொறுத்தது. மேலே இருக்கிறவர் குணத்தைத் தெரிந்துகொண்டு கீழே இருக்கிறவரைக் கணிக்கலாம், கண்ணை மூடிக்கொண்டு கணிக்கக் கூடாது.

சிவகாசி ஆட்களுக்கு இந்தத் தொகுதி தொழிலோடு சம்பந்தப்பட்டது. சிவப்பு ஒளிக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம். 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தபோது, பச்சைக்கு என்ன செய்வது என்று அவர்கள் தலையில் கைவைத்தது அதனால்தான். அட்டவணையில் மேல் வீட்டுக்காரரான ஸ்ட்ரான்சியத்தை வைத்து ஈடுகட்ட முடியாது, சுடரின் நிறம் ஒவ்வொரு அணுவுக்கும் தனி, அதில் தொகுதிச் சொந்தம் உதவாது.

ஆனால் நம் எலும்புக்கு இந்த வேற்றுமை தெரியாது. கால்சியம் என்று நினைத்து ஸ்ட்ரான்சியத்தையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். 1950களில் வானில் அணுகுண்டுச் சோதனை நடத்திய காலத்தில் ஸ்ட்ரான்சியம்-90 புல்லில் இறங்கி, மாட்டுப்பாலில் ஏறி, குழந்தைகளின் பல்லில் உட்கார்ந்தது. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் 1958 முதல் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அதை அளந்தே காட்டினார்கள். அதற்கும் முன்னால் 1920களில், கடிகார முள்ளுக்கு ஒளிரும் ரேடியம் பூசிய பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூர்செய்ததில் ரேடியம் உள்ளே போய்த் தாடை எலும்பே அரித்துப்போனது. ஏன் எலும்பு? ரேடியமும் இரண்டாம் தொகுதி. மேரி கியூரி அதைக் கண்டுபிடித்ததும் இந்தச் சொந்தத்தால்தான்: தாதுவிலிருந்து பேரியத்தைப் பிரித்தெடுக்கும்போதெல்லாம் அந்தக் கதிர்வீச்சும் பேரியத்தோடு ஒட்டிக்கொண்டே வந்தது, பிறகு இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கக் குளோரைடை மறுபடி மறுபடி படிகமாக்க வேண்டியதாயிற்று.

இப்போது பையன் கேட்ட 14-ஆம் தொகுதி. கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம், ஈயம். எல்லோருக்கும் வெளியே நான்கு. நான்கு என்பதுதான் சிக்கலே. ஒரு எலக்ட்ரான் இருந்தால் கொடுத்துவிடலாம், ஏழு இருந்தால் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளலாம், அணு சின்னதோ பெரிதோ பெரிய வித்தியாசம் வராது. நான்கு என்றால் இரண்டும் கெட்டான் நிலை. அணு சின்னதாக இருந்தால் இறுக்கிப் பிடித்துப் பங்குபோடும், பெரிதாக இருந்தால் பிடி தளர்ந்து உலோகம் மாதிரி விட்டுவிடும். கார்பனுக்கு இரண்டே கூடுகள், ஈயத்துக்கு ஆறு. அதனால் மேலே அலோகம், நடுவில் அரைகுறை, கீழே உலோகம் என்று ஒரே பத்திக்குள் மூன்று சாதியும் வருகின்றன.

சொந்தம் அறவே இல்லையா என்றால் இருக்கிறது, தோண்டிப் பார்க்க வேண்டும். கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம் நான்கின் டெட்ராகுளோரைடுகளும், அதாவது ஓர் அணுவுக்கு நான்கு குளோரின், அறை வெப்பத்தில் திரவம். ஈயத்துக்கும் அப்படி ஒன்று உண்டு, மஞ்சள் திரவம், கொஞ்சம் சூடு காட்டினால் இரண்டு குளோரினை உதறிவிடும். வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு பேரோடு கைகோத்திருக்கும் அதே படிக அமைப்புதான் சிலிக்கானுக்கும் ஜெர்மானியத்துக்கும். வெள்ளீயம்கூட 13 டிகிரிக்குக் கீழே நீண்ட நாள் கிடந்தால் சாம்பல் நிறத் தூளாகி அதே வைர அமைப்புக்கு மாறிவிடும். ஈயம் மட்டும் எந்தக் குளிரிலும் அப்படி மாறாது.

வித்தியாசத்துக்கு ஆக்சைடே போதும். கார்பனும் சிலிக்கானும் ஓர் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் என்ற அதே கணக்கில்தான் சேர்கின்றன. ஒன்று சோடாவில் குமிழ்விடும் வாயு, மற்றொன்று ஆற்று மணல். கார்பன் சின்ன அணு, ஆக்சிஜனோடு நெருங்கி இரட்டைப் பிணைப்பு போட்டுத் தனித்தனி மூலக்கூறாகப் பறந்துவிடுகிறது. சிலிக்கான் பெரியது, அவ்வளவு நெருங்க முடியாததால் இரட்டைப் பிணைப்பு பலவீனம், நான்கு பக்கமும் ஒற்றைப் பிணைப்பாகப் போட்டு முடிவில்லாத வலையாகக் கெட்டிப்பட்டுவிடுகிறது.

ஈயத்துக்கு வந்தால் இன்னொரு சங்கதி. நான்கு எலக்ட்ரானில் இரண்டை மட்டும் கொடுத்துவிட்டு மீதி இரண்டை, எஸ் ஜோடியை, கையிலேயே வைத்துக்கொள்ளவே அது விரும்பும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஓடுவதே இதனால்தான்: ஈய டைஆக்சைடில் நான்கையும் விட்டுக்கொடுத்து நிற்கும் ஈயம், எப்போது இரண்டு திரும்பக் கிடைக்கும் என்று காத்திருக்கிறது, அந்த அவசரம்தான் வோல்ட்டேஜ். 82 புரோட்டான் இருப்பதால் ஈயத்தின் உட்கூட்டு எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் 60 சதவீதம் அளவுக்கு ஓடுகின்றன, ஐன்ஸ்டைன் சொன்ன சார்பியல் விளைவால் எஸ் ஆர்பிட்டால்கள் எல்லாமே உள்ளே சுருங்கி, வெளி ஜோடியும் இறுகிவிடுகிறது. 2011-ல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி ஒரு செல்லின் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வரை இந்தச் சார்பியல் விளைவால் வருவது. வெள்ளீயத்தை வைத்து இதே மாதிரி பேட்டரி செய்தால் ஏன் சரிப்படாது என்பதற்கும் இதுவே விடை.

அட்டவணையின் நடுவில், 3 முதல் 12 வரையிலான தொகுதிகளில், இருக்கும் இடைநிலை உலோகங்களில் கதை வேறு. அங்கே புதிய எலக்ட்ரான் உள்கூட்டில் போய் உட்காருகிறது, வெளியே பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும், அதனால் மேல் கீழ்ச் சொந்தத்தோடு பக்கத்து வீட்டுச் சொந்தமும் வலுவாக இருக்கும். இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றும் அடுத்தடுத்த தொகுதி, மூன்றையும் காந்தம் இழுக்கும். லாந்தனைடுகளில், அதாவது லாந்தனம் முதல் லுட்டீஷியம் வரையிலான தனிமங்களில், இது உச்சத்துக்குப் போகிறது. புது எலக்ட்ரான் இன்னும் ஆழத்தில், எஃப் இடங்களில் சேர்வதால் 15 தனிமங்களும் வெளியிலிருந்து பார்க்க அண்ணன் தம்பி இரட்டையர் மாதிரி. அமெரிக்காவில் சார்லஸ் ஜேம்ஸ் என்பவர் தூலியத்தை மட்டும் சுத்தமாகப் பிரிக்க சுமார் 15,000 முறை மறுபடிகமாக்கினார். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் எல்லாம் ஒன்றாகக் கலந்தே கிடப்பதும் இந்த ஒற்றுமையால்தான், கூடவே தோரியமும் இருக்கும். கல்யாண ஊர்வலத்தில் தூக்கிக்கொண்டு போன பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலில் 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு, 1 சதவீதம் சீரியம் ஆக்சைடு.

லாந்தனைடுகளைத் தாண்டும்போது அணு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வருவதால் ஒரு வேடிக்கை நடக்கும். நான்காம் தொகுதியில் சிர்கோனியத்துக்குக் கீழே இருக்கும் ஹாஃப்னியம் ஒரு கூடு அதிகம் இருந்தும் பெரிதாவதில்லை, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. 72-ஆம் தனிமம் லாந்தனைடு வகையா, சிர்கோனியம் வகையா என்று அப்போது பெரிய சண்டை. எலக்ட்ரான் கணக்குப்படி சிர்கோனியம் வகைதான் என்றார் நீல்ஸ் போர். அவருடைய கோபன்ஹேகன் நிறுவனத்தில் காஸ்டரும் ஹெவேசியும் சிர்கோனியத் தாதுவிலேயே தேடிக் கண்டுபிடித்துவிட, 1922 டிசம்பரில் நோபல் உரையின் முடிவில் போர் அதை அறிவித்தார். எலக்ட்ரான் அமைப்பை வைத்துத் தொகுதியைச் சொல்லி, அந்தத் தொகுதியை வைத்து எங்கே தோண்டுவது என்று சொன்ன சம்பவம் இது. இத்தனை காலம் கண்ணில் படாமல் இருந்ததற்குக் காரணம் அதே ஒற்றுமை. சிர்கோனியத்தில் 2 சதவீதம் போல ஹாஃப்னியம் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும். அணு உலையில் எரிபொருள் உறைக்கு அந்த 2 சதவீதமும் ஆகாது, ஹாஃப்னியம் சிர்கோனியத்தைவிடச் சுமார் 600 மடங்கு நியூட்ரானை விழுங்கும். தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் இருக்கும் சிர்கோனியம் ஆலை செய்யும் வேலையில் பெரும்பாடு இந்த இரட்டையரைப் பிரிப்பதுதான்.

எங்கும் சேராதவர்களும் உண்டு. ஹைட்ரஜனுக்கு ஒரு எலக்ட்ரான், ஆகவே ஒன்றாம் தொகுதி, ஆனால் இன்னும் ஒன்று கிடைத்தால் கூடு நிறைந்துவிடும், அந்த வகையில் குளோரின் பக்கமும் போகலாம். உண்மையில் அதற்குக் கூட்டாளி யாருமில்லை, எங்காவது எழுத வேண்டுமே என்று எழுதியிருக்கிறோம். ஹீலியத்துக்கு இரண்டு, கணக்குப்படி பெரிலியத்துக்கு மேலே வைக்க வேண்டும், நடத்தையைப் பார்த்து நியானுக்கு மேலே வைத்தார்கள். 18-ஆம் தொகுதியே எதனோடும் சேராது என்பதும் 1962 வரைதான். வேதியியலாளர் நீல் பார்ட்லெட், ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்கும் பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடு கையில் இருந்தபோது, செனானிலிருந்து பிடுங்கவும் ஏறக்குறைய அதே ஆற்றல்தானே தேவை என்று கணக்குப் பார்த்து இரண்டையும் கலந்தார், மஞ்சளாகப் படிந்தது. மூன்றாம் தொகுதியில் இட்ரியத்துக்குக் கீழே லாந்தனமா லுட்டீஷியமா என்ற வழக்கு இன்னும் ஓடுகிறது. ஐயுபிஏசி குழு 2021-ல் தந்த இடைக்கால அறிக்கை லுட்டீஷியம் பக்கம் சாய்ந்தது, பல புத்தகங்களில் இன்னமும் லாந்தனம்தான்.

கடைசித் தொடரில் இருப்பவற்றில் சிலவற்றை ஓரிரு அணுக்களாகத்தான் செய்ய முடிகிறது, அவை அந்தந்தத் தொகுதிக் குணத்தோடு இருக்கின்றனவா என்று பார்ப்பதே ஒரு தனித் துறை. 2007-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் தலைமையில் 112-ஆம் தனிமமான கோப்பர்னீசியத்தின் இரண்டே அணுக்களைத் தங்கம் பூசிய பாதையில் ஓடவிட்டு, எந்தக் குளிரில் ஒட்டுகின்றன என்று பார்த்தார்கள். மேல் வீட்டுப் பாதரசத்தைப் போலவே எளிதில் ஆவியாகி, தங்கத்தோடும் ஒட்டியது, ஆகவே 12-ஆம் தொகுதி என்பதற்குச் சோதனைச் சாட்சி இருக்கிறது. 118-ஆம் ஒகானெசனுக்கு அது இல்லை. இதுவரை கிடைத்தது ஒரு கைக்கடங்கிய அணுக்கள், ஆயுள் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. கணக்கீடுகள் அது வாயுவாகவே இருக்காது, அறை வெப்பத்தில் திடப்பொருள் என்கின்றன. இப்போதைக்கு 18-ஆம் தொகுதியில் அதற்கு இருப்பது அணு எண் வாங்கிக்கொடுத்த இடம் மட்டும்தான்.